கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனுக்கு

என் சேகர் அண்ணே,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் மனசுக்குள் உன்னோடு பேசாத நாள் இல்லை. பஸ்ஸில் பேசுகிறேன், துணி காயப்போடும்போது பேசுகிறேன். எழுத மட்டும் தைரியம் வரவில்லை. இன்றைக்கு எனக்கு லீவு. வீட்டில் யாரும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "வீட்டு விஷயத்த ஏன் ஊருக்குச் சொல்ற?" என்று நீ கோபித்துக்கொள்வாய். ஊருக்குச் சொல்லாமல் மறைத்ததால்தானே அண்ணே இப்படி ஆனது?

உன்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் உன் குரலைச் சொல்ல வேண்டும். நியாலாஸ் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாம் வளர்ந்தபோது, கோயில் திருவிழா வந்தால் மைக் உன் கையில்தான். "வெள்ளை நிறக் கார் ஒன்று கோயில் வாசலை அடைத்து நிற்கிறது, உரிமையாளர் உடனே வரவும்" என்று நீ சொன்னால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் யார் இந்த ரேடியோக்காரர் என்று எட்டிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். "காஞ்சனா என்ற பெண், பாத்திரம் கழுவாமல் காணாமல் போய்விட்டார். கண்டவர்கள் அம்மாவிடம் ஒப்படைக்கவும்." அம்மா அகப்பையைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

அந்தக் குரல் எங்கேயாவது பதிவாகியிருக்குமா என்று எவ்வளவோ தேடிவிட்டேன். கோயில் தலைவரிடம் கேட்டேன். பழைய திருவிழா வீடியோ ஒன்று தந்தார். மேளம் இருக்கிறது, காவடி இருக்கிறது, நீ பேசுகிற இடத்தில் எல்லாம் நாதஸ்வரம் உன்னை மூடிவிடுகிறது. ஒரே ஒரு "ஹலோ" கேட்கிறது. அது நீதானா அண்ணே?

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை வெட்டும் வேலையில் உன் தோள் போனது. உயரத்திலிருந்து சரிந்த குலை முழுதாக உன் மேல் விழுந்தது. எலும்பு ஒட்டியது, வலி போகவில்லை. மறுபடி குலை வெட்டும் கொக்கியைத் தூக்க வேண்டுமே என்று, கூட வேலை செய்த ஒருவன் கொடுத்த போதைப் பொடியை இழுத்தாய். வலி நின்றது. அவ்வளவுதான் ஆரம்பம். ஊசி பிறகு வந்தது. நீ கெட்டவன் ஆவதற்குத் திட்டம் போட்டு அதைத் தொட்டாய் என்பதுபோல் பிறகு ஊரே பேசியது. நானும் பேசினேன்.

எனக்குக் கல்யாணம் நடந்தபோது நீ உள்ளே இருந்தாய், புனர்வாழ்வு முகாமில். "அண்ணன் ஜோகூர்ல வேலை செய்றாரு, லீவு கிடைக்கல" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னேன். அந்தப் பொய்யைப் பதினாலு வருடம் வளர்த்தேன். அதற்குள் அம்மாவும் போய்விட்டார். உன்னை விசாரிப்பதற்கு யாரும் இல்லாமல் போயிற்று. நான் இருந்தேன், விசாரிக்கவில்லை.

எனக்கு அரசாங்க கிளினிக்கில், மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. எந்த ஊர் கிளினிக் என்று இங்கே வேண்டாம். பொடிப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கு அங்கே தினமும் காலையில் மெத்தடோன் மருந்து கொடுப்போம். அளந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும், அவர்கள் எங்கள் கண் முன்னால் குடிக்க வேண்டும். ஒரு காலையில் அந்த வரிசையில் நீ நின்றாய். தலை பாதி நரைத்திருந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தாய்.

எனக்குப் பக்கத்தில் காக் ரோஸ் உட்கார்ந்திருந்தார். வயதில் மூத்த மலாய்க்காரப் பெண், என்னோடு வேலை செய்பவர்; காக் என்றால் அக்கா. அவருக்கு முன்னால் நான் உன்னைப் பார்த்து, "பேரு?" என்று கேட்டேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் எல்லாம் புரிந்துகொண்டாய்.

"குணசேகரன், மிஸ்ஸி."

கிளினிக்கில் வேலை செய்கிற பெண்களை எல்லோரும் இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீயும் அப்படியே கூப்பிட்டாய். ஒன்றரை வருடம். ஒரு நாள்கூட வாய் தவறவில்லை. குடிப்பாய், கிளாஸைத் திருப்பி வைப்பாய், "நன்றி மிஸ்ஸி" என்பாய், போய்விடுவாய். ஒரு முறை நான் விடாமல் இருமினேன். அன்றைக்கு மட்டும் போகிறவன் திரும்பி, "மிஸ்ஸிக்கு நெஞ்சு சளி போல. வெந்நி குடிங்க" என்றாய். காக் ரோஸ் மொழி புரியாமலே சிரித்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

உனக்கு உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வந்தது. தோட்டத்தில் உரம் போடும் வேலை கிடைத்ததாக டாக்டரிடம் சொன்னாயாம், உன் கார்டில் படித்தேன். கார்டில் படித்துத் தெரிந்துகொண்டேன் அண்ணே. நீ ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

பிறகு நான்கு நாள் நீ வரவில்லை. ஐந்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை வந்தாய். முகம் கறுத்துப்போய், வியர்த்து, கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இத்தனை நாள் விட்டுப்போனால் பழைய அளவு மருந்தைக் கொடுக்க முடியாது. உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். அன்றைக்கு டாக்டர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். விதி சரியானதுதான். அதைச் சொன்ன வாய்தான் சரியில்லை.

"நாலு நாளா எங்க போனீங்க? பழையபடி பொடியா? உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் திருந்த மாட்டீங்க. திங்கக்கிழமை வாங்க, போங்க!"

வரிசையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். நீ என் அண்ணன் என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அண்ணன் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதால் அவ்வளவு சத்தம் போட்டேன்.

"காய்ச்சல் மிஸ்ஸி, அதான்…" என்று ஆரம்பித்தாய். நான் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டேன்.

"சரிலா மிஸ்ஸி" என்று திரும்பினாய். காலை இழுத்து இழுத்து நடந்தாய். டெலிபோன் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். உட்கார வைத்துக் காலைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை நீ வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா போன் செய்தார். அம்மா காலத்திலிருந்தே என் நம்பர் அவரிடம் இருக்கிறது. "ஒங்க அண்ணன் பேச்சு மூச்சில்லாம கெடந்தாரும்மா. ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டுட்டோம். கால் பலூன் மாதிரி வீங்கிக் கெடக்கு."

உரம் போடும்போது செம்பனை முள் குத்திய காயமாம். புரையோடி, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

வார்டில் ஒரு தாதி, நோயாளிக்கு என்ன உறவு என்று என்னிடம் கேட்டார். "தங்கச்சி" என்றேன். பதினாலு வருடத்தில் முதல் முறை. நீ கண்ணைத் திறந்தாய்.

"ஏன் சொன்ன? ஒன் கிளினிக் ஆளுங்க யாராச்சும் வந்தா?"

"வரட்டும்ணே. அன்னைக்கே ஏன் கால காட்டல?"

"நீ ரொம்பக் கோவமா இருந்த."

"அங்க இல்லன்னா இங்க பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்ல?"

நீ சுவரைப் பார்த்தாய். "இங்கயும் அப்படித்தான் பேசுவாங்கன்னு நெனச்சேன். நீயே…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். மீதியை நீ கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஜோகூர்ல இருக்காருன்னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் உனக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு புதுச் சாரம் வாங்கிக்கொண்டு வந்து, உன் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பயந்து பயந்து நான் கட்டிக் காத்தது இதைத்தானா அண்ணே?

ஒன்பது நாள் இருந்தாய். அந்த வார்டில் ஒரு மலாய்க்கார உதவியாளர் இருந்தார். உன்னைத் துடைத்துவிடுபவர், திருப்பிப் படுக்க வைப்பவர். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன்னால், "அபாங், கொஞ்சம் திருப்பட்டுமா?" என்று மலாயில் கேட்பார். அபாங் என்றால் அண்ணன். நீ மயக்கத்தில் இருந்தபோதும் கேட்டார். உன் கையிலிருந்த பழைய ஊசித் தழும்புகளை அவரும் பார்த்திருப்பார். அதற்காக அவர் கை கொஞ்சம்கூடக் கடுமையாகவில்லை. ஒரு நாள் சீப்பை நனைத்து உனக்குத் தலை வாரிவிட்டார். அன்றைக்கு உன் முகத்தில் அப்படி ஒரு அமைதி. கண்ணை மூடிக்கொண்டே, "நல்ல மனுஷன்" என்றாய். நான் படித்த படிப்பில் இல்லாத ஒன்று அந்த மனிதரிடம் இருந்தது.

உன் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கிளினிக்குக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"சேகர் ஒங்க அண்ணன்னு எனக்குத் தெரியும்மா. மருந்து குடிச்சிட்டு தெனமும் இங்கதான் தே ஓ குடிப்பாரு. 'பாய், உள்ள இருக்கிறது என் தங்கச்சி. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அதுக்குக் கெட்ட பேரு வந்துடும்'னு சொன்னாரு. நீங்க வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு நடந்து போனா, டம்ளர கீழ வச்சிட்டுப் பார்ப்பாரு."

வெறும் தேநீரை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். நான் அதில் உட்காரவில்லை. நேரே உள்ளே போய், காக் ரோஸிடம் சொன்னேன், "அந்த குணசேகரன் என் கூடப் பிறந்தவர்" என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தன் மகனுக்கும் அந்தப் பழக்கம் இருந்ததாகச் சொன்னார். எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் அண்ணே. இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

இப்போதைய செய்தி சொல்கிறேன். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் நாங்களே போன் செய்கிறோம். வந்ததும், "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை. பரமேஸ்வரி என்று ஒரு பெண், ஐந்து நாள் கழித்து வந்தாள். அன்றைக்கும் டாக்டர் வெளியே போயிருந்தார். நான் போன் செய்தேன். அவர் மதியமே திரும்பி வந்து பார்த்தார். அந்தப் போனுக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை உனக்குக் கொடுக்காமல் விட்டேனே என்று அன்றைக்குக் கழிப்பறையில் போய் அழுதேன்.

அன்பாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் மருந்தை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு, வெளியே போய்த் துப்பி விற்றார். நான் நம்பிய ஆள். "ரொம்ப எடம் குடுக்குறீங்க மிஸ்ஸி" என்று கிளினிக்கில் வேலை செய்பவர்களே சொன்னார்கள். இப்போது அவரைக் குடித்தபின் பேச வைத்துத்தான் அனுப்புகிறேன். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. காலில் சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர் இனிப்பு தின்றுவிட்டார் என்று நாம் விரட்டி அடிக்கிறோமா? நோய் என்று வாயால் சொல்லிவிட்டுக் குற்றவாளியைப்போல் நடத்தினால், நோயாளி எங்கே போவார்? வலியோடு வீட்டிலேயே படுத்துக்கொள்வார். நீ படுத்துக்கொண்டதைப்போல.

போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மூன்று நாளாக ஒருவர் எதிர் பஸ் ஸ்டாப்பில் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டு, எந்த பஸ்ஸிலும் ஏறாமல் போகிறார் என்று காவலாளி சொன்னார். கவுண்டரைக் காக் ரோஸிடம் விட்டுவிட்டுப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ராஜு. பால்மரத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் நகர்ந்துகொண்டார்.

"இங்க மருந்து குடுக்குறாங்கன்னு சொன்னாங்க" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க அண்ணே. நான்தான் குடுக்குறேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள வந்தா திட்டுவாங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்லி அழைத்துப் போக எனக்கு மனசில்லை. "எல்லாரும் ஒரே மாதிரி இல்லண்ணே. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாலும் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். டாக்டர் ரூம் வரைக்கும் நான் கூடவே வரேன்" என்றேன்.

ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார். ராஜு அண்ணன் கையை அசைத்து, போகச் சொன்னார். பிறகு எழுந்தார். நாங்கள் ரோட்டைக் கடந்தோம்.

நாளைக்கு அவருக்கு ஆறாவது நாள். மாதக்கணக்கில் வருவாரா, அடுத்த வாரமே நின்றுவிடுவாரா, எனக்குத் தெரியாது. நின்றுவிட்டால் பஸ் ஸ்டாப்பில் போய்த் தேடுவேன். அங்கே இல்லையென்றால் தோட்டத்துக்குப் போய்க் கதவைத் தட்டுவேன். என் வேலை இருக்கும்வரை, எனக்குக் காலும் வாயும் இருக்கும்வரை இதைச் செய்வேன் அண்ணே. உனக்குத் தருகிற வாக்கு.

உன்னைத் தேடி வராமல் போன,
இனித் தேடிப் போகிற,
உன் கூடப் பிறந்தவள்
காஞ்சனா