நம்ம ஆளுதானே

அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒளித்துவைக்காமல் விழுங்குகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீசில் ஒரு சின்னத் தகராறு, பயப்படாதே. கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைந்தால் கண்டுபிடிக்கும் காவல் புரோகிராம்களை எழுதுவதுதானே என் வேலை. 'தாய்' என்று ஒன்றை எழுதிவிட்டால், அதன் குணம் பிள்ளைப் புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் தானாக வந்துவிடும். உள்ளே வேலை செய்பவரைச் சந்தேகிக்காதே என்று அந்தத் தாயில் எழுதியிருந்தேன். போன வாரம் ஒரு திருடன் கணக்குப்பிரிவு அக்காவின் பாஸ்வேர்டைத் திருடிக்கொண்டு உள்ளே வந்தான். எல்லாக் காவலும் வழிவிட்டன. பாவம், அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று மேலாளர் சிரித்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. யார் வந்து உறவு சொன்னாலும் "நம்ம ஆளுதானே" என்று தாழ்ப்பாளைத் திறப்பவளாயிற்றே நீ. அது எனக்கும் வந்து, நான் எழுதியதற்கும் வந்துவிட்டது.

உன் பழைய போர்வை ஒன்றை அனுப்பு, இங்கே தூக்கம் வரமாட்டேன் என்கிறது. விசாரணைக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். ஒன்று மட்டும்: இப்போது குரலைக்கூடத் திருடுகிறார்கள். என் குரலில் யாராவது போனில் ரகசிய எண் கேட்டால், "சாப்பிட்டியா?" என்று கேள்; நான் எப்போதும் பொய் சொல்லி உன்னிடம் மாட்டிக்கொள்ளும் கேள்வி அதுதானே. தடுமாறாமல் "சாப்பிட்டேன்" என்று பதில் வந்தால் வைத்துவிடு. அது நான் இல்லை.

உன் மகள்