குடல்வால் என்று சொல்லிவிட்டார்கள்

மார்ச் 3

உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது.

என் மகள் உருண்டை பிறந்தபோது கிழிந்த இடத்தை ஏழு மாதம் கழித்துப் போன வாரம்தான் தைத்தார்கள். அதுவரை, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்கும் துவைக்கிற கல்லுக்கும்தான் தெரியும். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆறு வாரம் கொழந்தையக்கூடத் தூக்காத. மூணு மாசத்துக்குக் கனமான எதையும் தொடாத. தையல் விட்டுச்சுன்னா மறுபடி தைக்கறது லேசு இல்ல."

அத்தை - என் மாமியார் - எல்லோரிடமும் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறார். "அந்த எடத்தையெல்லாம் வாயால சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?" அவர் - என் கணவர் - தலையாட்டினார். நானும்தான். எனக்கு மட்டும் வாய் வருமா என்ன?

மார்ச் 5

அத்தையின் தங்கை, சின்னத்தை, என்னைப் பார்க்க வந்து தங்கியிருக்கிறார். "எந்தப் பக்கம் வலி?" என்றார். நான் இடது பக்கத்தைப் பிடித்துக் காட்டினேன். மருந்தியல் படித்தவள்!

"குடல்வால் வலது பக்கம்ல இருக்கும்?"

அத்தை அசரவில்லை. "இவளுக்கு எல்லாமே ஏறுமாறுதான்."

சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கிறது. அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

மார்ச் 9

மலமிளக்கி சிரப் குடித்தேன். கழிப்பறைக்குப் போகப் பயம். போனேன். அழுதேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 12

உருண்டை தவழ்ந்து வந்து என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள்.

"தூக்கேன்டி. எங்க வீட்டுக்காரரு குடல்வால் எடுத்த அஞ்சாம் நாளே சைக்கிள் மிதிச்சாரு. டிகிரி படிச்சா ஒடம்பு மெழுகாயிடுமா?" - சின்னத்தைதான்.

இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். ரசத்தில் உப்பு குறைந்தாலும் டிகிரியைத்தான் இழுப்பார்கள். பேசாமல் தூக்கித் தொலைத்துவிடலாம் என்று கையை நீட்டியேவிட்டேன். அதற்குள் அவர் வந்து வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அவருக்கும் வாய் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 13

நான் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கிலிருந்து சூப்பர்வைசர் போன்.

"திங்கக்கெழம வந்துரும்மா. சரக்கு எண்ணணும். குடல்வால்தானே? உக்காந்து எழுதற வேலதான். சிரப் பெட்டி மட்டும் கொஞ்சம் எறக்கி வெக்கணும்."

அந்தப் பெட்டிகளை நான் அறிவேன். இடுப்பில் முட்டுக் கொடுக்காமல் இறங்காது.

"சார், இது வேற ஆபரேஷன்..."

"என்னது? இங்க லாரி நிக்குது. சத்தமா சொல்லு!"

முனகினேன்.

"சத்தமா சொல்லும்மா!"

சொன்னேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. "கொழந்த பொறந்தப்ப ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சிடுச்சு சார்! அதத் தச்சிருக்காங்க! பெட்டி தூக்கினா பிரிஞ்சிடும்! மூணு மாசத்துக்கு எதையும் தூக்க மாட்டேன்!"

சூப்பர்வைசரின் குரல் இறங்கிவிட்டது. "சரிம்மா... சரி. ஒடம்பப் பாத்துக்க. மெதுவா வா."

திரும்பினால் அத்தை, சின்னத்தை, அவர். மூவர் கையிலும் டம்ளர். ஒருவரும் குடிக்கவில்லை.

"தெரு முழுக்கக் கேட்டிருக்கும்," என்றார் அத்தை.

கேட்கட்டுமே! கேட்டால் என்ன இப்போ? கிழிஞ்சது எனக்குத்தானே?

மார்ச் 14

அத்தை பேசவில்லை. இன்றைக்குக் கிளம்ப இருந்த சின்னத்தை ஊருக்குப் போகவில்லை. காலையிலிருந்து உருண்டையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். "பசிச்சா நானே கொண்டாந்து பக்கத்துல போடறேன். நீ கைய வெச்சுக்கிட்டுச் சும்மா கெட." அதட்டல்தான். ஆனால் டிகிரி வரவில்லை.

மே 4

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே தாமதம். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்து, "மொத நாளே லேட்டா?" என்றார். சிரப் பெட்டிகளை முன்பே மேசை உயரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். எரிச்சல், என் மேலேயே.

ஆபரேஷனுக்கு முன்பு வேலைக்குப் போன நாளெல்லாம் பஸ்ஸில் கதவோரமே நின்றேன், எங்கே இறங்கி ஓட வேண்டி வருமோ என்று. இன்று ஜன்னல் இருக்கை கிடைத்தது. உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டேன்.