கடைசிக் கிழமையில் நான்கு ஆட்டம்

மச்சான்,

இன்று பின்னேரம் காரின் டிக்கியில் எதையோ தேடப்போக, உன் முழங்கைப் பட்டி கையில் அகப்பட்டது. போன செப்டெம்பரில் நீ கழற்றி எறிந்துவிட்டுப் போனது. ஒரு வருஷமாகப் போகிறது, நோவெண்ணெய் மணம் இன்னும் அப்படியே இருக்கிறது. வேறு ஆளென்றால் கண் கலங்கியிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிக்கியை அடித்துச் சாத்தினேன். பக்கத்துக் காரில் இருந்த மனுசி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

உன்னோடு எனக்குக் கோபம். செத்தவனோடு கோபிக்கக் கூடாது என்பார்கள், அவர்கள் கிடக்கட்டும். பதினாறு வருஷம் பேஸ்போல் மைதானத்தில் நீ எறிந்தாய், நான் பிடித்தேன். உன் முகத்தை உன் மனைவியைவிட அதிக நேரம் நேருக்கு நேர் பார்த்தவன் நான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படியடா என்னிடம் மறைத்தாய்?

எங்கள் சனம் இங்கே வந்து பேஸ்போல் போட்டி தொடங்கிய முதல் வருஷம் நினைவிருக்கிறதா? எட்டு அணிகளிலும் ஊரில் கிறிக்கெற் விளையாடியவர்கள்தான், பேஸ்போல் ஒருவனுக்கும் சரியாகத் தெரியாது. நீ பத்தடி ஓடிவந்து பந்தை எறிந்தாய். நடுவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவர் என்ன சொல்லுகிறார் என்று என்னைக் கேட்டாய். ஓடக்கூடாதாம் என்றேன். ஓடாமல் எறிய நானென்ன கல்லெறிகிறவனா என்று அன்று முழுக்கப் புறுபுறுத்தாய். அடுத்த வருஷம் உன் பந்தைத் தொடவே ஆட்கள் திணறினார்கள்.

அட்டவணை போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. செயலாளர் என்று ஒரு பட்டம், மற்றப்படி பேச்சு வாங்குகிற உத்தியோகம். போன வருஷம் ஜூன் மழையில் எங்களுடைய நான்கு ஆட்டங்கள் அடிபட்டுப் போயின. ஓகஸ்டில் விளையாடி முடித்திருக்க வேண்டும். ஆனால் ஓகஸ்டில் எங்கள் சனத்துக்கு ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடக்குமா? கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கோயில் தேர். கலியாண ஹோல் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பே பிடித்து வைத்தது. அதை அசைக்க ஏலாது. விளையாட்டைத் தள்ளலாம். "செப்டெம்பரிலை பாப்பம்" என்று எட்டுத் தலைவர்களும் சொன்னார்கள், நானும் எழுதிக்கொண்டேன்.

பார்த்தால், பிளேஓஃப் என்ற வெளியேற்றுச் சுற்றுக்கு முந்தின கிழமையில் எங்களுக்கு நான்கு ஆட்டம். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை அரையிறுதி. எறிய உன்னை விட்டால் ஒருவன்தான். அவன் நகரத்துக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கி, அதற்கும் அப்பால் ஒஷாவாவில் வேலை எடுத்திருந்தான். ஆறு மணி ஆட்டத்துக்கு ஏழரைக்கு வந்து, வீதி நெரிசலில் நின்ற கதையைச் சொல்லுவான். ரீவியில் எங்கள் நகரத்து அணி கடைசிக் கிழமையில் தன் நல்ல எறிகாரனைக் கை ஆற இருத்தி வைத்தால், மூளையுள்ள ஆட்கள் என்று தலையாட்டுகிறோம். எங்களிடம் இருந்த ஒரேயொரு கையை மாடு மாதிரி உழவிட்டோம்.

நீ கேட்காமலும் இல்லை. ஓகஸ்ட் நடுவில், வோபர்ன் பகுதியில் அந்தச் சாப்பாட்டுக் கடை வாசலில், ரோல்ஸைக் கடித்தபடி கேட்டாய்.

"பிளேஓஃபுக்கு முதல் மூண்டு நாள் விட்டுத் தாவன், மச்சான். கை ஆறினால் இந்தமுறை ஒருக்கா நல்லா எறிஞ்சு பாக்கலாம்."

நான் சிரித்தேன். வயது போய்விட்டது, இனி நடுவராக நில் என்று பகிடி விட்டேன். நீயும் சிரித்துவிட்டு ரோல்ஸ் பேப்பரைக் கசக்கிக் குப்பையில் போட்டாய். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடா குறைந்திருக்கும் உனக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை மைதானம் எங்கள் பெயரில் இருந்தது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இரண்டு ஆட்டத்தை அன்றே முடித்திருக்கலாம். அந்தச் சனிக்கிழமையை வெட்டியவன் நான். அன்று என் மகளின் சாமத்தியவீடு. விடிய எழும்பிப் பூ எடுக்க ஓடியவன் நீ.

அரையிறுதியில் மூன்றாவது இன்னிங்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் பந்து விழுந்தால் கையுறைக்குள் உள்ளங்கை எரியும். அன்று எரியவில்லை. நடந்துவந்து, காணும், வேறு யாரையாவது விடுவோம் என்றேன். "போய் இரு, மச்சான். நான் முடிக்கிறன்" என்றாய். மூன்று தளத்திலும் ஆட்கள் நிற்க, நீ எறிந்த பந்தெல்லாம் வெளியே போனது. அடுத்தடுத்து இரண்டு பேரை அடியில்லாமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டாய். தளத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உள்ளே வர, இரண்டு ஓட்டம் சும்மா கொடுத்தோம். அந்த இரண்டாலேயே தோற்றோம். ஆட்டம் முடிய ஒவ்வொருவனிடமும் போய்க் கைகொடுத்து, "என்ரை பிழை" என்றாய். என்னிடமும் சொன்னாய். நான் உன் தோளில் தட்டினேன். இல்லையடா என்று சொல்ல வாய் வரவில்லை.

பெப்ரவரியில் நீ போய்விட்டாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் மனைவி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அவருக்குத் தன்ரை நோய் ஓகஸ்ட் தொடக்கமே தெரியும், அண்ணை. பிளேஓஃப் முடியட்டும் எண்டு டொக்டரிட்டைச் சொல்லி ஒப்பரேசன் தேதியை ரெண்டு கிழமை தள்ளி மாத்தினவர். பெடியளைத் தோக்கப் பண்ணிப்போட்டன் எண்டு ஆசுப்பத்திரியிலையும் சொல்லிக்கொண்டுதான் கிடந்தவர்."

அந்த இரண்டு கிழமையால் ஒன்றும் மாறியிருக்காது என்று டொக்டர் சொன்னாராம். அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். கோப்பையைக் கீழே வைத்தேன். நீ ஒப்பரேசன் தேதியையே தள்ளிவைத்தாய். நான் உனக்காக ஒரு பந்தாட்டத்தைக்கூட நகர்த்தவில்லை.

போன ஞாயிறு கமிற்றிக் கூட்டம். இந்த வருஷமும் மழை, இந்த வருஷமும் அதே கதை. என் மனைவியின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், தன் மகளின் கலியாணத்துக்காக ஆட்டங்களைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளச் சொன்னார். ஏலாது என்றேன். பிளேஓஃபுக்கு முதல் மூன்று நாள் ஒருவரும் விளையாடுவதில்லை என்று அட்டவணையில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கே நீர் இப்படி நிற்கிறீரா என்று அத்தான் முகம் சிவந்தார். பிறகு பேப்பரைத் தட்டிக்காட்டி, "உந்த மூண்டு நாளையும் ஆர் கேட்டது?" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன். கமிற்றியில் ஒருவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னார். கடைசி வருஷம் அவனுக்குக் கை ஏலாமல் போய்விட்டது, அதனால்தானே தோற்றது என்றார்.

எழும்பிவிட்டேன், மச்சான். கதிரை பின்னால் விழுந்தது.

"அவன்ரை கைக்கு ஒண்டும் நடக்கேல்லை. என்ரை வீட்டுக் கொண்டாட்டத்திலை சனம் குறைஞ்சால் வீடியோவிலை வெறும் கதிரை தெரியும் எண்டு அந்தச் சனிக்கிழமையை வெட்டினது நான். அவன் மூண்டு நாள் கேட்டவன். நான் குடுக்கேல்லை. அது அவன்ரை பிழை இல்லை."

அத்தான் வீட்டில் இப்போது என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும். மைதானத்தில், நீ கையை நீட்டிக்கொண்டு நின்றபோது சொல்லியிருக்க வேண்டிய சொல், உன் பிழை இல்லை என்பது. கூட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த பதினைந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உன் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.