முதுகில் இரண்டு தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் இருமல், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் பெண்களுக்கு ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தம் சொல்லித்தர பிரேசிலிலிருந்து ஒரு மாஸ்டரம்மா வந்திருக்கிறார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது. என்னோடு வேலை பார்க்கும் ஷைனியின் கழுத்தை வளைத்துப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். மாஸ்டரம்மா ஓடிவந்து பிரித்துவிட்டார்.

“இன்னாடி, நான் தட்டிக்கினே கீறேன், நீ இறுக்கிக்கினே போறே! தட்டுனா வுட்டுடணும்டி!” என்று ஷைனி இருமலும் சிரிப்புமாகச் சொன்னாள். அதுதான் விதியாம்.

அடுத்து அவள் என்னைப் பிடித்தாள். வலித்தது, ஆனால் ஏனோ நான் தட்டவில்லை. கழுத்து லேசாகப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மா காய்ச்சும் தைலமும், விரித்துப் படுக்க அவளுடைய பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓட வேண்டும். இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் உங்களைக் கட்டிக்கொண்டபோது நீங்களும் என் முதுகில் இப்படித்தான் தட்டினீர்கள். அன்றைக்கு எந்த விதியும் தெரியாமலே உடனே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்றுதான் விளங்கவில்லை, அப்பா.

உங்கள் மகள்
இசக்கிசெல்வி