வில்லனின் சிரிப்பு

ஞாயிறு இரவு, சேலையூர்.

சூப்பர் ஹீரோ கார்ட்டூனில் நான் தமிழ்க் குரல் கொடுத்துவந்த வில்லன், அந்த மகா மூளைக்கார முதலாளி, மாலையில் டிவியில் பேசினான். பேசியது நான் இல்லை. என் பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரே பேசிவிடுகிறது. "இனிமே நீங்க வரவேணாம் சார்" என்று ஸ்டுடியோவில் போன வாரமே சொல்லிவிட்டார்கள். மனைவி மாலாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

வில்லன் ஒரு நகரத்தையே விலைக்கு வாங்கிவிட்டுச் சிரித்தான். மாலா குக்கரை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"இன்னிக்கு சிரிப்பு செமையா இருக்குங்க. முன்னல்லாம் கொஞ்சம் இழுப்பீங்க."

"அப்படியா?" என்றேன்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சாப்பிட்டேன்.

"நாளைக்கும் ரெக்கார்டிங்கா?"

"ஆமா."

காலையில் அவள் கட்டித்தரும் டப்பாவோடு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அங்கிருந்து எங்கே என்று தெரியவில்லை.