ஐந்து வைக்கோல்

டிசம்பர் 2

என் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் உனக்குக் காதில் ஏறாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா வெல்டிங் பட்டறைத் தகரத்தில் செய்தாரே, அந்தத் தீவனத்தொட்டியைத் துடைத்துக் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்துவிட்டேன். தம்பி சீரியல் பல்புக்கு அடம் பிடிக்கிறான். "பொறந்தவரை மறந்துட்டு பலூன் கட்டுவியாடா?" என்றேன். நம் வீட்டு வழக்கம் மாறக் கூடாது. யாருக்காவது நல்லது செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல். என்ன செய்தோம் என்று வாய் திறந்தால் அதை எடுத்துவிட வேண்டும். குழந்தை இயேசுவுக்கு அதுதானே மெத்தை.

சீக்கிரம் வந்து சேர்.

அம்மா

டிசம்பர் 7

அம்மாவுக்கு,

எங்கள் துணிக்கடை வாசலில் பஞ்சுப் பனி, நட்சத்திரம், மான் வண்டி எல்லாம் இருக்கிறது. குழந்தையைத்தான் காணோம். கேட்டால், "அது சேல்ஸுக்கு ஆகாதும்மா" என்கிறார் மேனேஜர்!

எனக்காக ஒரு வைக்கோல் போடு. காரணம் சொல்ல மாட்டேன். பதினேழாம் தேதி பஸ் ஏறுகிறேன். அப்பா வாயைத் திறந்தாரா, இல்லை பூட்டுதானா?

உன் வால்

டிசம்பர் 24

வாலு,

பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தாயாம், வேன் அடித்ததாம், போய்விட்டாயாம். ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் மண்டையில் இன்னும் ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு உன் தட்டையும் கழுவி வைக்கிறேன்.

இன்று தொட்டியைப் பார்த்தால், உனக்காக நான் போட்ட வைக்கோலுக்குப் பக்கத்தில் புதிதாக ஐந்து. தம்பி, நானில்லை என்றான். அப்படியென்றால் உன் அப்பா. எனக்கு வந்ததே கோபம்.

"பொண்ணைப் புதைச்சு ஒரு வாரம் ஆகலை. எனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா? அஞ்சு வைக்கோலுக்கு அப்படி என்ன பண்ணிக் கிழிச்சீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டு கண்ணு. ரெண்டு கிட்னி. ஒரு ஈரல்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூளை செத்துப்போச்சு, மெஷின்தான் மூச்சு விடுதுன்னாங்க. உறுப்பையெல்லாம் தானமா குடுக்கறீங்களான்னு டாக்டர் கேட்டாரு. நீ பக்கத்து ரூம்ல மயங்கிக் கிடந்த. நான் சரின்னுட்டேன்."

உன் கண்மேல் பஞ்சு வைத்திருந்ததே! அடிபட்டதால் என்றுதானே நினைத்தேன். நான் முத்தம் கொடுத்தது அதன்மேலாடி?

"மாதாகிட்டயாவது தேவதூதர் வந்து சம்மதம் கேட்டாரு. சுமந்து பெத்தவ நான், என்கிட்ட யாரு கேட்டா?" என்று கத்தினேன். தம்பி பயந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.

அவர், "வாயைத் திறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, வைக்கோலை எடுக்கக் குனிந்தார். நெருப்புப் பொறி பட்டுத் தழும்பேறிய கை தொட்டிக்குள் போனது. எனக்கு என்ன ஆனதோ, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீங்க."

கோயிலில் நடுராத்திரிப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. அப்பாவும் தம்பியும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். பூசைக்குப் போகுமுன் தொட்டியில் வைக்க வேண்டிய குழந்தை இயேசு சிலை இன்னும் என் மடியில்தான் இருக்கிறது.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் உன்னைக் கேட்கிறேன். இந்த வைக்கோல்மேல் படுக்க வைக்கட்டுமாடி?