இரண்டு பேருக்கான கார்

உனக்கு,

பதினோரு ஆண்டுகளாக அல்மாத்தி நகரத்தின் பனியிலும் பள்ளத்திலும் தினமும் ஸ்போர்ட்ஸ் காரில் அலுவலகம் போகிறாய். சாதனைதான்.

நம் மகள் தோக்ஜான் பிறந்து மருத்துவமனையிலிருந்து கிளம்பிய நாளில் என் அம்மா, "ரெண்டு சீட்டுல மூணு பேர் எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டாள். "இவங்களுக்கு டாக்சி சொல்லிட்டேன் அத்தை. முன்னாடி நான் ஹாரன் அடிச்சுக்கிட்டே போறேன்!" என்றாய். ரிப்பன்கூடக் கட்டியிருந்தாய், காருக்கு. ஏழு ஆண்டுகளாக நாங்கள் பின்னால் டாக்சியில்தான் வருகிறோம்.

நேற்று என் அண்ணன் தன் பழைய வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டான். பின்சீட்டில் உட்கார்ந்த தோக்ஜான், "மாமா, அப்பாவும் வந்தா யாரு இறங்கணும்?" என்று கேட்டாள்.

இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். மீதித் துணிகளை எடுக்க அவனே வருவான். உன் டிக்கியில் அவை கொள்ளாது.

உன் மகளின் அம்மா